சிங்கிள் சைடா, டபுள் சைடா: ரேம் வாங்குமுன் ரேங்க் என்றால் என்னவென்று அறிந்துகொள்வோம்

கூடுதல் ரேம் வாங்கக் கடைக்குச் செல்பவரிடம் டிடிஆர்3 வேண்டுமா டிடிஆர்4 வேண்டுமா (இவை ரேமின் தலைமுறைகள்), எத்தனை ஜிபி, என்ன வேகம் என்ற கேள்விகளுக்குப் பிறகு, அவருடைய மதர்போர்டு பழையதாக இருந்தால் இன்னொரு கேள்வியும் வரும்: சிங்கிள் சைடா, டபுள் சைடா? மாட்யூலின், அதாவது மதர்போர்டில் செருகும் ரேம் தகட்டின், ஒரு முகத்தில் மட்டும் சிப்புகள் பதிக்கப்பட்டிருந்தால் அது சிங்கிள் சைடு. இரண்டு முகங்களிலும் பதிக்கப்பட்டிருந்தால் டபுள் சைடு. எது வேகமானது, எது தன் கணினியில் வேலை செய்யும், ஒரே ஜிபி அளவுக்கு ஏன் இரண்டு வகைகள் இருக்கின்றன என்று புதிதாகக் கேட்பவர் குழம்புவது இயல்பு. கண்ணுக்குத் தெரியும் பக்கத்தின் பெயரால் கண்ணுக்குத் தெரியாத வேறொன்றை நாம் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வருவதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அந்த வேறொன்றின் பெயர் ரேங்க்.

என் மேசையில் இப்போது மடிக்கணினிக்கான இரண்டு ரேம் மாட்யூல்கள் இருக்கின்றன. இரண்டுமே டிடிஆர்4, இரண்டுமே 8 ஜிபி. முதலாவதில் முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு என எட்டுச் சிப்புகள் உள்ளன. அதன் லேபிளில் '1ஆர்×8' என்று அச்சாகியிருக்கிறது. இரண்டாவதில் ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு சிப்புகள்; மறுபக்கம் வெறும் பச்சைத் தகடு. அதன் லேபிள் '1ஆர்×16' என்கிறது. பார்வைக்கு முதலாவது டபுள் சைடு, இரண்டாவது சிங்கிள் சைடு. ஆனால் இரண்டிலும் 'ஆர்' என்ற எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண் ஒன்றுதான், அதாவது இரண்டுமே ஒற்றை ரேங்க் கொண்டவை. முதல் மாட்யூலின் தகடு குறுகியது என்பதால் எட்டுச் சிப்புகளை இரு முகங்களுக்கும் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். கணினியின் கணக்கில் அந்தப் பங்கீட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை.

ரேங்க் என்பது என்ன? டிடிஆர்4 வரையிலான சாதாரண கணினிகளில், ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் ஒரு சேனல் (தரவு செல்லும் பாதை) வழியாக ஒரே வீச்சில் 64 பிட்டுகளை எடுக்கிறது அல்லது எழுதுகிறது. எந்தத் தனிச் சிப்பும் 64 பிட்டுகளைத் தனியாகத் தருவதில்லை. சில சிப்புகள் ஒரு வீச்சில் 4 பிட்டுகளையும், சில 8 பிட்டுகளையும், சில 16 பிட்டுகளையும் தருகின்றன. லேபிளில் பெருக்கல் குறிக்குப் பின்னால் வரும் எண் இதைத்தான் சொல்கிறது. 8 பிட் சிப்புகளாக இருந்தால் எட்டும், 16 பிட் சிப்புகளாக இருந்தால் நான்கும், 4 பிட் சிப்புகளாக இருந்தால் பதினாறும் ஒன்றாக இயங்கினால்தான் 64 பிட் நிறைவடையும். இப்படி ஒரே கட்டளைக்கு ஒன்றாகக் கண்விழித்து, சேனலின் முழு அகலத்தையும் நிரப்பும் சிப்புகளின் கூட்டம்தான் ஒரு ரேங்க். சிப் செலக்ட் எனப்படும் தனிக் கம்பி ஒவ்வொரு ரேங்க்குக்கும் செல்கிறது. கன்ட்ரோலர் எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்தக் கூட்டம் மட்டும் பதில் சொல்லும், மற்றது காத்திருக்கும். 8 பிட் சிப்புகள் பதினாறு கொண்ட மாட்யூலில் இரண்டு கூட்டங்கள் இருக்கும். மேசைக்கணினி மாட்யூலில் முன்பக்க எட்டும் ஒரு கூட்டமாக, பின்பக்க எட்டும் மற்றொரு கூட்டமாக அமைவதே வழக்கம் என்பதால்தான், டபுள் சைடு என்றால் இரண்டு ரேங்க் என்ற எண்ணம் வேரூன்றியது. மேசைக்கணினி ரேமில் இந்த எண்ணம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. மடிக்கணினியிலும் சர்வரிலும் அதை நம்ப முடியாது.

இன்றைய ரேம் மாட்யூல் வடிவத்துக்கு உள்ள டிம் என்ற பெயரில் வரும் 'இரட்டை' என்ற பொருள், பக்கம், ரேங்க் ஆகிய இரண்டோடும் தொடர்பற்றது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்திய சிம் மாட்யூல்களில் தகட்டின் அடிவிளிம்பில் இரு புறமும் உள்ள தங்கநிறத் தொடுமுனைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு ஒரே முனையாக இயங்கின. டிம் மாட்யூலில் இரு புறத்து முனைகளும் தனித்தனியானவை. ஆகவே ஒரு பக்கம் மட்டுமே சிப்புகள் உள்ள மாட்யூலும் டிம்தான்.

கொள்ளளவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஒரே 8 ஜிபி ஏன் பல வடிவங்களில் கிடைக்கிறது என்பது புரியும். சிப்பின் அளவு கிகாபிட்டில் சொல்லப்படுகிறது. எட்டுக் கிகாபிட் சேர்ந்தது ஒரு கிகாபைட், அதாவது ஒரு ஜிபி. டிடிஆர்4 தொடக்கத்தில் 4 கிகாபிட் சிப்புகளோடு வந்தது, பின்னர் 8 கிகாபிட், அதன்பின் 16 கிகாபிட் என வளர்ந்தது. 4 கிகாபிட் சிப்புகளால் 8 ஜிபி மாட்யூல் செய்யப் பதினாறு சிப்புகள் வேண்டும். அது இரண்டு ரேங்க் ஆகிவிடும். 8 கிகாபிட் சிப்பு வந்தபின் அதே 8 ஜிபிக்கு எட்டே போதும்; ஒரு ரேங்க். 16 கிகாபிட் சிப்புகளில் 16 பிட் அகலமுள்ளதை எடுத்தால் நான்கே சிப்புகளில் முடிந்துவிடும். என் மேசையில் உள்ள இரண்டாவது மாட்யூல் அப்படிச் செய்யப்பட்டதுதான். சிப்புகள் குறைந்தால் செய்யும் செலவும் குறைகிறது. அதனால் ஒரே மாடல் பெயரில் விற்கும் மாட்யூல்கூட முதலில் பதினாறு சிப்புகளோடும் பிறகு எட்டுச் சிப்புகளோடும் வரலாம். வாங்குபவர் பெட்டியின் பெயரை மட்டும் நம்பினால் இந்த மாற்றம் அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

இரண்டு ரேங்க்கால் என்ன பயன் என்பதற்கு வருவோம். ரேமில் உள்ள டிராம் வகைச் சிப்பில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் அதை இடைவிடாமல் புதுப்பிக்க வேண்டும். டிடிஆர்4இல் சராசரியாக 7.8 மைக்ரோநொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கும் கட்டளை போகிறது. 8 கிகாபிட் சிப்பு அந்த வேலைக்கு 350 நானோநொடி எடுத்துக்கொள்கிறது, 16 கிகாபிட் சிப்பு 550 நானோநொடி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அந்த ரேங்க் முழுவதும் வேறு எந்த வேலைக்கும் பதில் தராது. கணக்கிட்டுப் பார்த்தால் 8 கிகாபிட் சிப்புகள் தம் நேரத்தில் ஏறத்தாழ நாலரை விழுக்காட்டையும், 16 கிகாபிட் சிப்புகள் ஏழு விழுக்காட்டையும் புதுப்பிப்பதிலேயே கழிக்கின்றன. இது தவிர, சிப்புக்குள் பிட்டுகள் வரிசை வரிசையாக இருப்பதால், ஒரு வரிசையை மூடி மற்றொரு வரிசையைத் திறப்பதற்கும் நேரமாகிறது. சாதாரண டிடிஆர்4-3200 மாட்யூலில் (3200 என்பது நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு நகர்கிறது என்ற வேக எண்) அதற்கு மட்டும் சுமார் 27 நானோநொடி ஆகும். ஆனால் திறந்த வரிசையிலிருந்து 64 பைட் தரவைச் சேனல் வழியாக அனுப்ப ஆகும் நேரம் 2.5 நானோநொடிதான். அனுப்புவதற்கு ஆகும் நேரத்தைவிட ஆயத்தத்துக்கு ஆகும் நேரம் பத்து மடங்கு அதிகம்.

தோசை சுடும் அடுப்படியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மாவு ஊற்ற இருப்பது ஒரே கரண்டி, அதுதான் சேனல். தோசைக்கல்தான் ரேங்க். கல் ஒன்றே என்றால், ஊற்றிய தோசை வேகும்வரை கரண்டி மாவுச் சட்டியிலேயே கிடக்கும். எண்ணெயில் தோய்த்த வெங்காயத்தால் கல்லைத் துடைக்கும் நேரமெல்லாம் கிடக்கும். பக்கத்து அடுப்பில் இன்னொரு கல் இருந்தால், இதில் வேகும்போது அதில் ஊற்றலாம். அதைத் துடைக்கும்போது இதில் ஊற்றலாம். கரண்டி ஒன்றுதான் என்பதால் ஒரே நொடியில் இரண்டு கல்லிலும் ஊற்ற முடியாது. ஆனால் கரண்டி வெறுமனே கிடக்கும் நேரம் குறைகிறது, அடுக்கில் தோசை கூடுகிறது. இப்படி மாற்றி மாற்றி வேலை வாங்கும் முறைக்கு ரேங்க் இன்டர்லீவிங் என்று பெயர். டுயல் சேனல் என்பது வேறு: அது இரண்டாவது கரண்டியையே கொண்டுவருவது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சேனலில் ஒரு ரேங்க்குக்குப் பதிலாக இரண்டு இருந்தால் கிடைக்கும் முன்னேற்றம் பெரும்பாலான வேலைகளில் சில விழுக்காடுதான். சிபியுவுக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் விளையாடும்போது அது சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஒற்றை மாட்யூலிலிருந்து இரட்டை மாட்யூலுக்கு, அதாவது ஒரு சேனலிலிருந்து இரண்டு சேனலுக்கு மாறும்போது கிடைப்பது அதைவிட மிகப் பெரியது.

சிப்பின் அகலத்துக்கும் இதில் பங்குண்டு, ஆனால் பலர் இதைக் கவனிப்பதில்லை. டிடிஆர்4இல் 8 பிட் சிப்புக்குள் 16 பேங்குகள் இருக்கின்றன. 16 பிட் சிப்புக்குள் 8 மட்டுமே. பேங்க் என்பது தனக்கென ஒரு வரிசையைத் திறந்து வைத்துக்கொள்ளக்கூடிய தனி அறை போன்றது. அறைகள் குறைந்தால், ஒரு வரிசையை மூடி இன்னொன்றைத் திறக்க வேண்டிய தேவை அடிக்கடி நேர்கிறது. அதனால் 1ஆர்×16 மாட்யூல் 1ஆர்×8 மாட்யூலைவிடச் சற்றே பின்தங்கும். விலை குறைந்த மடிக்கணினிகளில் முதலில் பொருத்தி வருவது பல நேரங்களில் இந்த நான்கு சிப்பு வகையாகவே இருக்கிறது. நான் யாருக்கு ரேம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலும், ஒரு பக்கமா இரு பக்கமா என்று பார்ப்பதற்கு முன் இந்த 16 என்ற எண் லேபிளில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். விலை ஒன்றாக இருந்தால் 8 என்று எழுதியதையே எடுக்கச் சொல்கிறேன்.

இரண்டு ரேங்க்கால் பாதகமும் உண்டு. ஒரே கம்பித் தொகுப்பில் இரண்டு மடங்கு சிப்புகள் தொங்கும்போது மின்சுமை கூடுகிறது, குறிகைகளின் தெளிவு குறைகிறது, அதனால் கன்ட்ரோலர் எட்டக்கூடிய உச்ச வேகம் இறங்குகிறது. 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன் சிபியுக்களுக்கு ஏஎம்டி அறிவித்த வரம்புகள் இதைப் பளிச்சென்று காட்டுகின்றன: ஒற்றை ரேங்க் மாட்யூல் இரண்டு போட்டால் 2666, இரட்டை ரேங்க் இரண்டு போட்டால் 2400, ஒற்றை ரேங்க் நான்கு போட்டால் 2133, இரட்டை ரேங்க் நான்கு போட்டால் 1866. பிந்திய தலைமுறைகளில் கன்ட்ரோலர் மேம்பட்டதால் ரைசன் 3000 வரிசையில் இரண்டு மாட்யூல்களுக்கு ஒற்றை, இரட்டை என்ற பாகுபாடின்றி 3200 என்றே வரம்பு வைத்தார்கள். டிடிஆர்5க்கு மாறிய ரைசன் 7000 வரிசையில் இரண்டு மாட்யூல்களுக்கு 5200, நான்கு மாட்யூல்களுக்கு 3600. ரேங்க் எண்ணிக்கையைவிட மாட்யூல் எண்ணிக்கையே இப்போது பெரிய தடையாக இருக்கிறது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. ஆகவே 64 ஜிபி வேண்டுமென்றால், டிடிஆர்5 மதர்போர்டில் 16 ஜிபி ஒற்றை ரேங்க் நான்கு வாங்குவதைவிட 32 ஜிபி இரட்டை ரேங்க் இரண்டு வாங்குவது எல்லா வகையிலும் மேலானது.

டிடிஆர்5இல் ஒவ்வொரு மாட்யூலும் 32 பிட் அகலமுள்ள இரண்டு துணைச் சேனல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; 8 பிட் சிப்புக்குள் பேங்குகளும் 32 ஆக உயர்ந்துவிட்டன; எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தாமல் சில பேங்குகளை மட்டும் புதுப்பிக்கும் வழியும் வந்துவிட்டது. இரண்டாவது தோசைக்கல் செய்த வேலையின் ஒரு பகுதியைச் சிப்பே செய்துகொள்வதால், அங்கே இரட்டை ரேங்க்கின் அனுகூலம் முன்பைவிடக் குறைவு.

இதுவரை சொன்னது வேகத்தைப் பற்றியது. பழைய கணினிகளில் கேள்வி அதைவிட அடிப்படையானது: போட்டால் இயங்குமா, இயங்காதா? 2000இல் வெளிவந்த இன்டல் 815 சிப்செட்டை எடுத்துக்கொள்வோம் (அக்கால இன்டல் போர்டுகளில் மெமரி கன்ட்ரோலர் சிப்செட்டில்தான் இருந்தது). அந்தப் போர்டுகள் பலவற்றில் ரேம் போட மூன்று ஸ்லாட்டுகள் இருந்தன. ஆனால் 133 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மூன்று சிங்கிள் சைடு மாட்யூல்களையோ இரண்டு டபுள் சைடு மாட்யூல்களையோதான் அந்த சிப்செட் ஏற்றது. ஒரு டபுள் சைடு மாட்யூல் இரண்டு ரேங்க்காக எண்ணப்படுவதும், அந்த வேகத்தில் மொத்தம் நான்கு ரேங்க்குக்கு மேல் தாங்காது என்பதும்தான் இதற்குக் காரணம். காலியான ஸ்லாட் கண்ணெதிரே இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாத நிலை. சிங்கிள் சைடா டபுள் சைடா என்று கடைகளில் கேட்கும் வழக்கம் நிலைத்தது இத்தகைய போர்டுகளின் காலத்தில்தான்.

இன்றும் இந்தியாவில் பலர் சந்திக்கும் நிலைமை இன்டல் ஜி41 சிப்செட் கொண்ட டிடிஆர்3 மதர்போர்டு. பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் இத்தகைய கணினிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளுக்கு அவற்றுக்கான ரேமைத் தேடி வருபவர்கள் உண்டு. இந்த சிப்செட் 2 கிகாபிட் வரையிலான சிப்புகளையே அறியும். ஆகவே அதில் 4 ஜிபி மாட்யூல் போட வேண்டுமென்றால் அது பதினாறு சிப்புகள் கொண்ட 2ஆர்×8 வகையாக இருந்தாக வேண்டும். பின்னாளில் வந்த 4 கிகாபிட் சிப்புகளால் ஆன எட்டுச் சிப்பு 4 ஜிபி மாட்யூல், தொடுமுனைகளும் வேகமும் பொருந்தினாலும், அந்தப் போர்டில் சரியாக இயங்காது. 'பதினாறு சிப் ரேம்' என்று கேட்டு வாங்கும் பழக்கம் இங்கிருந்து வந்தது. இங்கே டபுள் சைடு தேவைப்படுவது வேகத்துக்காக அல்ல, ஒவ்வொரு சிப்பும் சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்காக.

பதினாறு சிப்புகள் இருந்தாலே போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்ற குறிப்போடு மலிவாக விற்கப்படும் சில பழைய மேசைக்கணினி மாட்யூல்களில் பதினாறு சிப்புகளும் 4 பிட் அகலமுள்ளவை. பார்வைக்கு அசல் டபுள் சைடு மாட்யூல் போலவே இருக்கும். ஆனால் பதினாறும் சேர்ந்து ஒரே ரேங்க்தான். இன்டல் மேசைக்கணினி சிப்செட்டுகள் 8 பிட், 16 பிட் சிப்புகளையே ஏற்பவை என்பதால் அவற்றில் இது இயங்காது.

சரியான தகவலை எங்கே பார்ப்பது? லேபிள்தான் முதல் இடம். '16ஜிபி 2ஆர்×8 பிசி4-3200ஏஏ-எஸ்இ1-11' என்று ஒரு லேபிள் இருப்பதாகக் கொள்வோம். 16 ஜிபி என்பது மொத்தக் கொள்ளளவு. 2ஆர் என்பது இரண்டு ரேங்க். ×8 என்பது ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம். இந்த இரண்டிலிருந்தே பதினாறு சிப்புகள் இருக்கும் என்பதும், 16 ஜிபியைப் பதினாறால் வகுத்தால் ஒவ்வொன்றும் ஒரு ஜிபி, அதாவது 8 கிகாபிட் என்பதும் தெரிந்துவிடுகிறது. பிசி4 என்பது டிடிஆர்4, 3200 என்பது வேகம், அதை ஒட்டிய எழுத்துகள் தாமத அளவின் வகை, 'எஸ்' என்பது மடிக்கணினி வடிவம். மேசைக்கணினி மாட்யூலாக இருந்தால் அந்த இடத்தில் 'யு' இருக்கும். இந்த எழுத்துமுறை ஜெடெக் என்ற தரநிலை அமைப்பு வகுத்தது என்பதால் எந்த நிறுவனத்தின் லேபிளானாலும் ஒரே மாதிரி படிக்கலாம். விளையாட்டுக் கணினிகளுக்கான ரேம்களில் இரு பக்கமும் அலுமினியத் தகடு மூடியிருக்கும், லேபிளிலும் ரேங்க் பெரும்பாலும் அச்சாகாது. அவற்றைக் கணினியில் பொருத்தியபின் சிபியு-இசட் மென்பொருளின் எஸ்பிடி பகுதியில் ரேங்க் என்ற வரியைப் பார்க்கலாம். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை அதே தகவலைத் தரும்.

ஏற்கெனவே ஒரு மாட்யூல் உள்ள கணினியில் இன்னொன்று சேர்ப்பவர்கள், பழையது 2ஆர்×8, கிடைப்பது 1ஆர்×8 என்றால் தயங்க வேண்டியதில்லை. கொள்ளளவு ஒன்றாக இருந்தால் டுயல் சேனல் வழக்கம்போல் இயங்கும். இரண்டில் மெதுவானதற்கு ஏற்ப வேகமும் தாமத அளவுகளும் அமைந்துகொள்ளும். நான்கு ஸ்லாட் உள்ள மேசைக்கணினியில் இரண்டே மாட்யூல் போடுவதாக இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட வேண்டும். மதர்போர்டின் கையேட்டில் இதற்கென்று ஒரு படம் இருக்கும். கடைக்குப் புறப்படுமுன் கணினியை அணைத்து, மின்இணைப்பை எடுத்துவிட்டு, இருக்கும் மாட்யூலைக் கழற்றி அதன் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எத்தனை பக்கம் என்று கேட்டால், அந்தப் படத்தில் 'ஆர்' எழுத்துக்கு முன்னும் பெருக்கல் குறிக்குப் பின்னும் உள்ள இரண்டு எண்களைக் காட்டுங்கள்.